புளித்த மண்ணும் என் தம்பி போட்ட டி.ஏ.பி.யும்

ஓசூரில் ஒரு தொழிற்சாலையில் இருபத்துமூன்று வருடம் நான் பார்த்த வேலைக்குப் பெயர் இன்கமிங் இன்ஸ்பெக்ஷன். வெளியிலிருந்து வரும் உதிரிப் பாகங்களை உள்ளே விடலாமா, திருப்பி அனுப்பலாமா என்று முடிவு செய்யும் வேலை. அலுமினிய வார்ப்பு, இரும்பு போல்ட்டு, ரப்பர் வளையம் எதுவானாலும் என் மேசையைத் தாண்டித்தான் உள்ளே போக வேண்டும். ஒரு தலைமுடி அளவு பிசகினாலும் சிவப்புச் சீட்டு ஒட்டிவிடுவேன். சரக்கு கொண்டு வருகிறவர்கள் எனக்கு வைத்திருந்த பட்டப்பெயர் எனக்குத் தெரியும். அச்சில் ஏற்றக்கூடிய பெயர் இல்லை என்பதால் விட்டுவிடுகிறேன்.

இந்தக் குணம் கம்பெனி கேட்டோடு நின்றிருந்தால் தேவலை. நிற்கவில்லை. பால்காரர், இஸ்திரி போடுகிறவர், ஞாயிற்றுக்கிழமை பூசையில் பிரசங்கத்தை இழுக்கும் சாமியார் என்று பாரபட்சம் இல்லாமல் எல்லோருக்கும் மனசுக்குள் சிவப்புச் சீட்டு ஒட்டிக்கொண்டுதான் இருந்தேன். என் கணவர் குட்டி யானை என்கிற சின்னச் சரக்கு வண்டி ஓட்டுகிறவர். அவர் மேல் ஒட்டி ஒட்டி இடமே இல்லாமல் போய்விட்டது. ஆனால் அதிகமாக வாங்கியவன் என் தம்பிதான்.

ஓசூர் பக்கத்து மலையில், தளிக்கு மேலே எங்கள் அப்பா விட்டுப்போன நிலம் நான்கு ஏக்கர். எனக்கு இரண்டு, தம்பிக்கு இரண்டு. நான் ஓசூரில் ஷிப்டுக்குப் போய் வந்துகொண்டிருந்ததால் என் பங்கையும் அவன்தான் உழுதான். விளைவதில் எனக்கு ஒரு பாகம் கொடுத்துவிட வேண்டும் என்பது பேச்சு. பத்து வருடமாக எனக்கு வந்து சேர்ந்த பாகம், கிறிஸ்மஸுக்கு ஒரு மூட்டை ராகி. அதோடு கூடவே ஒரு வாக்குமூலமும் வரும்.

“இந்த வருஷமும் ஒண்ணும் சரியா வரலக்கா. டி.ஏ.பி. உரம் போட்டுக்கினேதான் இருக்கறன். பயிரு ஏற மாட்டேங்குது.”

வருடா வருடம் ஒரு எழுத்துகூட மாறாது. நானும் வருடா வருடம் என் பங்குக்கு ஒன்று செய்வேன். கிறிஸ்மஸ் விருந்துக்கு எங்கள் வீட்டுக்கு வந்தவர்கள் எல்லோரும் பார்க்க, மூட்டையைப் பிரித்து, செய்தித்தாளில் இரண்டு கை ராகியைப் பரப்பி, அதிலிருக்கும் கல்லைப் பொறுக்கி வரிசையாக வைப்பேன். ஒன்று, இரண்டு, ஏழு, எட்டு. “நெலத்துல ராகி வரலன்னாலும் கல்லு நல்லா வருது போல” என்பேன். எல்லோரும் சிரிப்பார்கள். தம்பி தலையைக் குனிந்துகொண்டு பிரியாணியைப் பிசைவான். குற்றம் செய்தவன் அப்படித்தான் குனிவான் என்று நான் தீர்ப்பு எழுதி வைத்திருந்தேன். உரம் போட்டேன் என்கிறான். எந்த உரம்? யார் பார்த்தது? போட்டால் ஏன் விளையவில்லை? விளைந்ததை அவன் தின்றுவிட்டு எனக்குக் கல்லை அனுப்புகிறான் என்பதுதான் என் கணிப்பு. சரக்கில் குறை இருந்தால் சப்ளையர்தான் பொறுப்பு என்பது என் வேதம்.

மூன்று வருடத்துக்கு முந்தைய கிறிஸ்மஸில் ராகியோடு ஒரு பத்திரத்தாளும் வந்தது. மலைக்காற்று, குளிர், பெங்களூருக்குப் பக்கம் என்று சொல்லி வில்லா கட்டுகிறவர்கள் எங்கள் பக்கம் வளைய வர ஆரம்பித்திருந்தார்கள். நான்கு ஏக்கரையும் ஒரே துண்டாகக் கொடுத்தால்தான் எடுப்பார்களாம். நான் கையெழுத்துப் போடாவிட்டால் தம்பியின் பங்கும் விலை போகாது.

“விளையாத மண்ண வச்சிக்கினு என்னக்கா பண்றது? குடுத்துடலாம்” என்றான்.

“விளையலன்னு நீதான் சொல்ற. நான் பாத்தனா?”

“அப்ப நீயே வந்து பாரு.”

அந்த வருடம்தான் கம்பெனி எங்கள் பிரிவை மூடி, கையில் ஒரு பூங்கொத்தையும் கடிகாரத்தையும் கொடுத்து வீட்டுக்கு அனுப்பியிருந்தது. மணி பார்க்கத் தேவையில்லாத ஆளுக்குக் கடிகாரம் கொடுக்கும் புத்திசாலித்தனம் அவர்களுக்குத்தான் வரும். சும்மா இருந்த எனக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. விருந்தாளிகள் முன்னாலேயே சொன்னேன்: அடுத்த கிறிஸ்மஸ் வரை என் இரண்டு ஏக்கரை நான் பார்க்கிறேன். சொல்லிக்கொள்கிற மாதிரி ஒரு வெள்ளாமை எடுத்துவிட்டால் விற்கிற பேச்சு கிடையாது. எடுக்க முடியாவிட்டால் கையெழுத்து. விவசாயத்தில் என் முன் அனுபவம், பால்கனியில் ஒரு கறிவேப்பிலைச் செடி. அதுவும் செத்துப்போயிருந்தது.

முதலில் கீழ் ஏக்கரில் மட்டும் முட்டைக்கோஸ் வைத்தேன். உரக்கடைக்காரரிடம் யோசனை கேட்டேன். அவர் ஒரே மருந்தை நம்புகிற வைத்தியர். முட்டைக்கோஸுக்கு என்ன போடலாம்? டி.ஏ.பி. நாற்று நட்டதும்? டி.ஏ.பி. ஒரு மாதம் கழித்து இலையின் அடிப்பக்கம் ஊதா நிறமாக மாறுகிறதே? “அது மணிச்சத்துக் கொறைச்சல்ங்க, பாஸ்பரஸு. அது டி.ஏ.பி.யிலதான் இருக்குது, போடுங்க.” வாங்கிப் போட்டேன். தம்பி போட்டதாகச் சொன்னதைப் போல இரண்டு பங்கு போட்டேன், அவன் பொய்யை நிரூபிக்க வேண்டுமே.

ஊதா இன்னும் கெட்டியானது. அப்படி ஒரு நிறத்தை நான் பட்டுப்புடவையில்கூடப் பார்த்ததில்லை. வேர் கட்டை கட்டையாக, பக்கத்தில்கூட ஓடாமல் நின்றது. மே மாதம் அறுத்தபோது காய் என் கைமுட்டி அளவு இருந்தது. எனக்குச் சின்னக் கை.

தம்பி ஒருநாள் வந்து வரப்பில் நின்று பார்த்தான். ஒன்றும் சொல்லாமல் வண்டியைத் திருப்பிக்கொண்டு போனான். ஏதாவது சொல்லியிருந்தால் நானும் நாலு வார்த்தை சொல்லியிருப்பேன். அந்த வாய்ப்பைக்கூட அவன் கொடுக்கவில்லை.

அப்போதுதான் எனக்கு ஒரு புத்தி வந்தது. இருபத்துமூன்று வருடம் எதையும் அளக்காமல் உள்ளே விடாதவள், மண்ணை மட்டும் அளக்கவே இல்லையே? பல இடத்தில் தோண்டி, கலந்து, ஒரு பையில் போட்டு மண் பரிசோதனை நிலையத்துக்குக் கொண்டு போனேன். அங்கிருந்த அதிகாரி என் மகள் வயதுப் பெண். முடிவு வந்த அன்று காகிதத்தை என் பக்கம் திருப்பி வைத்தாள்.

“நல்லா புளிச்ச மண்ணுங்கம்மா. பி.எச். அஞ்சுக்கும் கீழ காட்டுது, ஆறுக்கு மேல இருக்கணும். மணிச்சத்து ரொம்பக் கம்மி.”

“எப்படிக் கம்மியா இருக்கும்? டி.ஏ.பி.ய ரெண்டு பங்கு கொட்டியிருக்கறனே!”

“கொட்டுனது எங்கயும் போயிருக்காதும்மா. மண்ணுலதான் கெடக்கும். செடிக்குத்தான் கெடைக்காது. நாங்க அளக்கறது செடிக்குக் கெடைக்கறத மட்டும்தான். புளிச்ச மண்ணுல இரும்பும் அலுமினியமும் கரைஞ்சு நிக்கும். மணிச்சத்து உள்ள வந்ததும் அதுங்க புடிச்சு கெட்டியா வச்சுக்கும். அலுமினியம் வேரையும் வளர விடாது.”

இரும்பும் அலுமினியமும். அந்த இரண்டும் என்னைக் கேட்காமல் மேசையைத் தாண்டிவிடாமல் பார்த்துக்கொள்ளத்தான் எனக்குச் சம்பளம் கொடுத்தார்கள். வேலையை விட்டு மலைமேல் ஏறினால், அங்கே அவை எனக்கு முன்னால் வந்து உட்கார்ந்துகொண்டு, நான் அனுப்பும் சரக்கைப் பிடித்து வைத்துக்கொண்டிருக்கின்றன.

“அப்ப என்ன பண்றது?”

“சுண்ணாம்பு போடணும். புளிப்பு எறங்குனா அதுங்க அடங்கிடும். புதுசா போடற உரத்தப் புடிக்காது. பழசுல கொஞ்சம் கொஞ்சமா செடிக்குக் கெடைக்க ஆரம்பிக்கும். எல்லாமே வந்துடும்னு சொல்லல. கொஞ்சம் வரும். வேரும் நல்லா ஓடும்.”

“ஒரேடியா நிறையப் போட்டுட்டா?”

“ஐயய்யோ. அப்ப சுண்ணாம்பே மணிச்சத்தப் புடிச்சுக்கும்.”

புளித்தாலும் பிடிப்பார்கள், சுண்ணாம்பு கூடினாலும் பிடிப்பார்கள். நான் வேலை பார்த்த கம்பெனியில் லீவு போட்டால் சம்பளம் பிடிப்பதும் இப்படித்தான் இருக்கும். ஏக்கருக்கு எவ்வளவு என்று அந்தப் பெண் எழுதிக் கொடுத்தாள். சுண்ணாம்பையும் டி.ஏ.பி.யையும் சேர்த்துப் போடக் கூடாது, நடுவில் மூன்று நான்கு வாரமாவது விட வேண்டும் என்று அடிக்கோடு போட்டாள். பிறகு, “எத்தனை வருஷமா உரம் போடறாங்க? யூரியா, டி.ஏ.பி. போடப் போட புளிப்பு கூடிக்கினேதான் போகும்” என்றாள்.

“பத்து வருஷமா போட்டதா என் தம்பி சொல்றான்” என்றேன். அதில் ‘சொல்றான்’ என்பதை நான் அழுத்திய அழுத்தத்தில் அவள் பேனாவை மூடிவிட்டாள்.

சுண்ணாம்பு வேட்டையை என் கணவர் எடுத்துக்கொண்டார். அவருக்கு நெடுஞ்சாலையில் தெரியாத ஆள் கிடையாது. ஒரு வாரத்தில் ஜெயித்த முகத்தோடு வந்தார். குருபரப்பள்ளிப் பக்கம் ஒரு கிரானைட் பாலீஷ் பட்டறைக்குப் பின்னால் வெள்ளைத் தூள் மலையாகக் குவிந்து கிடக்கிறதாம்.

“சுண்ணாம்புத் தூளுன்னுதான் டீக்கடையில சொன்னாங்க. சும்மாவே எடுத்துக்கலாமாம். எடுத்தா அவங்களுக்கு எடம் மிச்சம்.”

இரண்டு டிப்பர் வந்து இறங்கியது. இந்த இடத்தை நான் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதுதான் என் வாழ்நாள் சாதனை. சரக்கு வந்தால் மாதிரி எடுக்க வேண்டும், அளக்க வேண்டும், சோதிக்க வேண்டும், சந்தேகம் இருந்தால் உள்ளே விடக் கூடாது. இதை நான் எத்தனை புதுப் பெண்களுக்குப் பாடம் நடத்தியிருக்கிறேன்! அப்படிப்பட்ட நான், குனிந்து, ஒரு சிட்டிகை எடுத்து, விரலில் தேய்த்து, வெள்ளையாக இருந்ததைப் பார்த்து, “நல்ல சரக்கு, எறக்குங்க” என்றேன். மொத்தப் பரிசோதனையும் அவ்வளவுதான்.

களை எடுக்க வருகிற அக்கா ஒருத்தி, கன்னடக்காரி, அந்தக் குவியலில் கையை விட்டு அளைந்து பார்த்தாள். “இது சுண்ண அல்ல அக்கா, கல்லு புடி” என்றாள். சுண்ணாம்பு இல்லை, கல்லுப் பொடி என்கிறாள். எனக்குக் கன்னடம் நன்றாகவே புரியும். அன்று மட்டும் புரியவில்லை. அதிகாரி எழுதிய காகிதம் என்னிடம் இருந்தது, அவளிடம் இல்லை. அதற்கு மேல் எனக்கு என்ன ஆதாரம் வேண்டும்?

இரண்டு ஏக்கருக்கும் பரப்பி உழுதோம். வெயில் ஏறினால் நிலம் முழுக்க மினுமினுவென்று மின்னியது. தம்பி மறுபடி வரப்பில் வந்து நின்றான். இந்த முறை பேசினான்.

“என்னக்கா, நெலத்துக்கு பாலீஷ் போட்டிருக்க?”

“உனக்குத் தெரியாத விஷயத்துல தலையிடாத” என்றேன். அப்போது எனக்கும் தெரியாது என்பது வேறு விஷயம்.

இரண்டு மாதம் மழை நன்றாகவே பெய்தது. மறுபடி மண் எடுத்துக்கொண்டு போனேன். புளிப்பு ஒரு புள்ளிகூட இறங்கவில்லை. அந்தப் பெண் காகிதத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள். எங்கே வாங்கினீர்கள் என்று கேட்டாள். சொன்னேன். அவள் சிரிக்காமல் இருக்க எடுத்த முயற்சி எனக்கு இன்றைக்கும் ஞாபகம் இருக்கிறது.

“ஒரு எலுமிச்சம்பழத்த அது மேல புழிஞ்சு பாருங்கம்மா. நுரைச்சா சுண்ணாம்பு.”

அவ்வளவுதானா? ஒரு எலுமிச்சம்பழமா? இருபத்துமூன்று வருடம் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்த கருவிகளோடு குடித்தனம் நடத்தியவளுக்கு, ஊறுகாய்க்கு வாங்குகிற பழம் போதும் என்று சொல்கிறாள்.

வழியில் பழம் வாங்கிக்கொண்டு நானும் கணவரும் நேராக நிலத்துக்குப் போனோம். மிச்சமிருந்த குவியலில் பாதிப் பழத்தைப் பிழிந்தேன். சாறு ஊறி, நனைந்து, அப்படியே கிடந்தது. இன்னொரு பாதியையும் பிழிந்தேன். ஒரு குமிழிகூட வரவில்லை. இரண்டு பேரும் குனிந்து காதை வைத்துக்கூடக் கேட்டோம்.

என் கணவர் பிழிந்த தோலை எடுத்து முகர்ந்து பார்த்துவிட்டு, “பழம் நல்ல பழம்தானா?” என்றார்.

அந்தச் சந்தேகத்தையும் தீர்த்துவிடலாம் என்று மோட்டார் கொட்டகைச் சுவரில் பிழிந்தேன். எப்போதோ சுண்ணாம்பு அடித்த சுவர். சாறு பட்ட இடமெல்லாம் புஸ்ஸென்று நுரைத்து வழிந்தது. பழம் நல்ல பழம்தான். நான்தான் சரியில்லை. கல்லை அறுத்தால் வருகிற தூளை, வெள்ளை என்ற ஒரே காரணத்துக்காகச் சுண்ணாம்பென்று இரண்டு ஏக்கருக்கும் இறைத்திருக்கிறேன். ராகியில் எட்டுக் கல்லைப் பொறுக்கியவளின் நிலத்தில் இப்போது இரண்டு டிப்பர் கல். அன்று முழுக்க நான் யாரிடமும் பேசவில்லை. கணவர் அதை ஒரு விடுமுறையைப் போல அனுபவித்தார்.

கிறிஸ்மஸுக்கு நான்கு மாதம்தான் பாக்கி. அதற்குள் வெள்ளாமை எடுக்காவிட்டால் கையெழுத்து. கிருஷ்ணகிரியில் ஒரு கடையில் விவசாயத்துக்கு விற்கிற சுண்ணாம்புக்கல் தூளைப் பிடித்தேன். இந்த முறை ஒரு பை நிறைய எலுமிச்சம்பழத்தோடு போனேன். மூட்டைக்கு ஒரு சொட்டு வீதம், ஒவ்வொரு மூட்டையிலும் சிட்டிகை எடுத்துப் பிழிந்து, நுரை வந்த பிறகுதான் வண்டியில் ஏற்ற விட்டேன். கடைக்காரர் பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு, “ஜூஸ் கடை ஏதாச்சும் வைக்கப் போறீங்களாக்கா?” என்று கேட்டார்.

எழுதிக் கொடுத்த அளவுக்கு ஒரு பிடிகூடக் கூடாமல் குறையாமல் பரப்பி, உழுது, நான்கு வாரம் கையைக் கட்டிக்கொண்டு இருந்தேன். உரக்கடைக்காரர் நடுவில் இரண்டு தடவை போன் செய்து டி.ஏ.பி. வந்திருக்கிறது என்று சொன்னார். வராமல் எங்கே போகப்போகிறது? நான்கு வாரம் முடிந்து, அதிகாரி சொன்ன அளவு மட்டும் டி.ஏ.பி. வைத்து நாற்று நட்டேன்.

அதில் ஒரு வேலை செய்தேன். கம்பெனிப் பழக்கம். எதையும் ஒப்பிட்டுப் பார்க்க ஒரு மாதிரி வேண்டும். மேல் ஏக்கரில் ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரம் வரை நாலு வரிசைக்குச் சுண்ணாம்பு மட்டும்தான். டி.ஏ.பி. ஒரு குருணைகூடக் கிடையாது. மேல் ஏக்கரில் அதற்கு முன்பும் நான் எந்த உரமும் போட்டதில்லை. அந்த நாலு வரிசை போய் முடிகிற மூலையில் அப்பா காலத்து யூகலிப்டஸ் மரங்கள் நின்றன. அந்த வருடம்தான் வெட்டி, வேரைப் பிடுங்கி, நிலத்தோடு சேர்த்திருந்தேன். டி.ஏ.பி. போடாத வரிசை ஊதா ஆகும், போட்டது பச்சையாக நிற்கும், வித்தியாசத்தைப் படம் பிடித்துத் தம்பிக்கு அனுப்பலாம், உரம் போடுவது என்றால் இதுதான் என்று. இதுதான் திட்டம்.

உரம் போட்ட இடமெல்லாம் எழும்பியது. இலை அகலமாக விரிந்து, வேர் நாலு பக்கமும் ஓடி, நவம்பரில் காய் உருண்டு இறுக ஆரம்பித்தது. என் கணவர் தினம் ஒரு காயைத் தட்டிப் பார்த்துவிட்டு வருவார். களை எடுக்கும் அக்கா, “இது சுண்ண” என்று ஒரே வார்த்தையில் என்னை மன்னித்தாள். எனக்குக் குதிக்க வேண்டும் போல இருந்தது, முழங்கால் ஒத்துழைக்கவில்லை.

ஆனால் அந்த நாலு வரிசை நான் சொன்னபடி நடந்துகொள்ளவில்லை. டி.ஏ.பி.யே பார்க்காத வரிசையும் பச்சையாகத்தான் நின்றது. பக்கத்து வரிசையைவிடக் கொஞ்சம் சின்னக் காய், அவ்வளவுதான். யூகலிப்டஸ் மூலைக்குப் போனதும் மட்டும், கத்தியால் கோடு கிழித்த மாதிரி, செடி குட்டையாகி இலை ஊதாவாகிவிட்டது. அதே சுண்ணாம்பு, அதே நாற்று, அதே தண்ணீர். நான் நாலு நாள் அந்தக் கோட்டின் மேலேயே நின்று பார்த்தேன். பிறகு படம் எடுத்து அந்த அதிகாரிப் பெண்ணுக்கு அனுப்பிவிட்டுப் போன் செய்தேன்.

“மரம் இருந்த எடமும் ஒரு மாதிரிதாம்மா, அதையும் பாக்கணும். ஆனா மத்த எடத்துல பழைய உரம் நெறைய இருந்திருக்குது. சுண்ணாம்பு போட்டதும் கொஞ்சம் விட்டுக் குடுக்குது. மூலையில யாரும் எதுவும் போட்டிருக்க மாட்டாங்க, அங்க விட்டுக் குடுக்க ஒண்ணுமில்ல” என்றாள்.

பழைய உரம். யார் போட்டது?

கிறிஸ்மஸுக்குப் பத்து நாள் இருக்கும்போது தம்பி வந்தான். முதல் அறுப்பு நடந்துகொண்டிருந்தது. பத்திரத்தாள் அவன் வண்டிக் கவரில் இருந்தது என்று எனக்குத் தெரியும். காயைப் பார்த்தான், குவியலைப் பார்த்தான். ஒரு காயைக் கையில் தூக்கி எடை பார்த்தான். நான் அவனை மேல் ஏக்கருக்கு அழைத்துக்கொண்டு போய் அந்த மூலையில் நிறுத்தினேன்.

“இந்த எடத்துல நீ எப்பவாச்சும் உரம் போட்டியா?”

“இங்க மரம் இல்ல இருந்துச்சு? மரத்துக்கு எதுக்குக்கா டி.ஏ.பி. போடணும்?”

“இந்தப் பக்கம்?” கோட்டுக்கு அப்பால் பச்சையாக நின்ற வரிசையைக் காட்டினேன்.

“இங்க போடாம? வருஷத்துக்கு ரெண்டு வாட்டி. என் நெலத்துக்குக் கொறைச்சாலும் உன் நெலத்துக்குக் கொறைக்கல. நீ கேப்பன்னு தெரியும்.”

அவன் அதைச் சலிப்பாகத்தான் சொன்னான். பத்து வருடமாகச் சொல்லி அலுத்த குரல். நான் ஒரு பச்சைக் காயைத் தொட்டுக் காட்டினேன்.

“நீ போட்டது எல்லாம் இங்கதான்டா இருக்குது. எங்கயும் போகல. மண்ணு புடிச்சு வச்சிருந்துச்சு. இந்த நாலு வரிசைக்கு நான் ஒண்ணுமே போடல. இது நீ போட்டதுல வந்தது.”

அவன் கோட்டுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்தான். குனிந்து ஒரு ஊதா இலையைத் திருப்பிப் பார்த்தான். எழுந்து கையைத் தட்டிக்கொண்டான்.

“நான் சொன்னப்ப நீ நம்பல. மண்ணு சொன்னாத்தான் நம்புவ, இல்லக்கா?”

எனக்கு வெட்கமாக இருந்தது. எவ்வளவு நக்கலாகச் சொன்னாலும் அதை வேறு மாதிரி எழுத முடியவில்லை. அவன் கல்யாணம் ஆனவன், பிள்ளைகள் பெற்றவன், நாற்பத்தைந்து வயது ஆள். அவனை அவன் பிள்ளைகள் முன்னால் பத்து கிறிஸ்மஸுக்குத் திருடன் என்று சொல்லாமல் சொல்லிச் சிரித்தேன். அவன் அந்தப் பத்திரத்தாளைக் கவரிலிருந்து எடுக்காமலேயே வண்டியைக் கிளப்பிக்கொண்டு போனான்.

காயை ஏற்றிக்கொண்டு இறங்கும்போது, பாதி மலையில், என் கணவர் கண்ணை ரோட்டிலிருந்து எடுக்காமல் சொன்னார்.

“அந்த ராகி உன் நெலத்துல வந்தது இல்ல.”

“எந்த ராகி?”

“கிறிஸ்மஸுக்கு வரும் இல்ல, அது. உன் நெலத்துலதான் ஒண்ணும் வரலையே, ராகி எங்கருந்து வரும்? குந்தாரப்பள்ளிச் சந்தையில வாங்குவான். நான்தான் ஏத்திக்கினு வருவன். வருஷத்துக்கு ஒரு வாட்டியாச்சும் அப்பா நெலத்துலருந்து ஏதோ வந்துச்சுன்னு அக்காவுக்கு இருக்கட்டும், சொல்லாதீங்க மாமான்னு சொல்லிட்டான்.”

“பத்து வருஷமா நீங்களும் சொல்லல?”

“நீ எங்க பேச விட்ட? மூட்டையப் பிரிச்சு கல்லு பொறுக்கிக்கினு இருந்த.”

சந்தையில் எவனோ கலந்த கல்லுக்கு என் தம்பி பத்து வருடம் தலை குனிந்து உட்கார்ந்திருக்கிறான். இதை எந்தக் கருவி வைத்து அளப்பது என்று என் இருபத்துமூன்று வருட சர்வீஸில் யாரும் சொல்லித் தரவில்லை. தளி ரோட்டு வளைவுகளில் வண்டி ஆடியதால் முகத்தைத் துடைத்துக்கொள்ள வசதியாக இருந்தது.

கிறிஸ்மஸ் அன்று வழக்கம் போல எல்லோரும் வந்தார்கள். தம்பியும் குடும்பத்தோடு வந்தான். முட்டைக்கோஸ் பொரியல் செய்திருந்தேன், அதுவும் அந்த நாலு வரிசைக் காயில். அவன் இரண்டாம் தடவை போட்டுக்கொண்டான். கை கழுவும்போதுதான் கேட்டான்:

“என் ரெண்டு ஏக்கருக்கு எவ்ளோ சுண்ணாம்பு பிடிக்கும்?”

“முதல்ல மண்ணக் குடு, அளந்து பாத்துட்டுச் சொல்றன்” என்றேன். பிறகு, “எலுமிச்சம்பழம் நான் வாங்கிக்கினு வரன்” என்றேன். அவன் சிரித்துவிட்டான்.

போகும்போது வண்டியிலிருந்து ஒரு ராகி மூட்டையைத் தூக்கிக்கொண்டு வந்து வாசலில் வைத்தான். பழக்கதோஷம். எங்கிருந்து வந்தது என்று அவனும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. விருந்தாளிகள் எல்லோரும் என்னையே பார்த்தார்கள். யாரோ செய்தித்தாளைக்கூட எடுத்து நீட்டினார்கள். நான் மூட்டையை ஒரு பக்கம் பிடித்துக்கொண்டேன், கணவர் மறுபக்கம் பிடித்தார், முடிச்சை அவிழ்க்காமல் உள்ளே கொண்டு போய் வைத்தோம். பரிசோதிக்காமல் நான் உள்ளே எடுத்த இரண்டாவது சரக்கு அது. முதலாவது, கிரானைட் தூள்.